எஞ்சின் ரப்பர்

வீட்டுக்குள் போக வேண்டுமானால் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஆகி மூன்று நாளாயிற்று.

வெளியே மழை விட்டபாடில்லை. அதனால் பிட்டர் தன் மோட்டார் சைக்கிளை நடைக்குள் ஏற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் இரண்டு செங்கல்லையும் ஒரு மரக்கட்டையையும் முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். நடை மூன்றடி அகலம்தான். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வயிற்றை எக்கி, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிறகு மறு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் துணியில் ஒரு கோடு கிரீஸ் வாங்காமல் யாரும் உள்ளே போனதில்லை.

ஊசியக்கா வேலை முடிந்து நனைந்தபடி வந்தாள். தோளில் ரத்தக் குப்பிகள் வைக்கிற ஐஸ் பெட்டி. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைத் தாண்டி வைத்தாள்.

"முட்டிய இடிச்சுடாத. கட்டை நகந்துடும்" என்றான் பிட்டர். அவன் குட்டை ஸ்டூலில் ஒரு காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என் முட்டியப் பத்தி இல்ல, கட்டையப் பத்தித்தான் கவலை."

"கட்டை நகந்தா எஞ்சின் இறங்கும். எஞ்சின் இறங்கினா போல்ட்டு ஓட்டை நேர் வராது. நேர் வரலைன்னா இன்னும் ரெண்டு நாள் இழுக்கும். உனக்குத்தான் கஷ்டம்."

"எனக்குத்தான் கஷ்டம்னு இன்னிக்காவது தெரிஞ்சுதே."

அவளுக்கு ஊசியக்கா என்று பெயர் வைத்தவர்கள் அவள் போகும் வீட்டுக்காரர்கள். பெரிய ரோட்டில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. லேபுக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவாள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் பதினான்கு வீடு பார்க்க வேண்டும். ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிடும் அவளுக்கு. அதனால் அவள்தான் வர வேண்டும் என்று கேட்கிற வீடுகள் பல.

வண்டி அவள் கணவனுடையது. தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் அவன் பிட்டர். தெருவில், கடையில், எங்கே போனாலும் அவன் பெயர் அதுதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் இதுபோல் ஒரு மழையில், ஒரு வளைவில், வண்டி சறுக்கி அவன் கால்மேலேயே விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் இப்போது ஒரு இரும்புத் தகடும் ஏழு திருகாணியும் இருக்கின்றன. வண்டிக்கு ஒரு கண்ணாடி உடைந்ததோடு சரி. அவன் கட்டிலில் கிடந்த நாட்களில் அவள் அந்த வண்டியில் கியர் போடக் கற்றுக்கொண்டாள். அதற்குமுன் பஸ்ஸில் அலைந்து ஏழு வீடு பார்த்தவள், வண்டி கைக்கு வந்தபின் பதினான்கு வீடு பார்த்தாள்.

போன வாரம் அந்த வண்டிக்குத்தான் குளிர்ஜுரம் கண்டது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறியது. கியர் மாற்றினால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் 'டங்' என்றது. பிட்டர் வண்டியை வாசலில் நிற்க வைத்து, ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லிக் கேட்டான். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

"எஞ்சினப் பிடிச்சிருக்கிற ரப்பர் போயிடுச்சு."

அவன் சொன்னது சரிதான். கழற்றி எடுத்தபோது அவை எலி கடித்த செருப்புபோல் இருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் மேலே ஒன்று. வளையல் அளவுக்கு ஒரு இரும்பு வளையம், நடுவில் போல்ட்டு நுழைய ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். அந்த ரப்பரிலும் பிறைபோல மேலே ஒன்று, கீழே ஒன்று இடைவெளி விட்டிருப்பார்கள். எஞ்சின் உதறுகிற உதறலையெல்லாம் அந்த ரப்பர் விழுங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும்தான் வண்டிக்கு விடும்.

புது ரப்பர் வாங்கி வந்தவள் ஊசியக்காதான். கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வீட்டில் ஒப்பித்தது அவள் செய்த தப்பு.

"இந்த மாடலுக்குக் கம்பெனி சாமான் வரதில்லயாம். இது வேற ஆளுங்க செய்யறது. அளவு சரியா இருக்குமாம். ரப்பர் கொஞ்சம் கொழகொழன்னு இருக்குமாம். ஆறு மாசம் ஓடுமாம்."

"ஆறு மாசமா?" பிட்டர் புது ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். "இது ரப்பரா, ஊறின ரொட்டியா? ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் எஞ்சினக் கழட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

ஆறு மாதம் என்ற சொல் அவனை யாரோ கெட்ட வார்த்தையில் திட்டியதுபோல் ஆக்கிவிட்டது. அன்று முழுக்க ரப்பரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நாற்காலியில் இருந்தபடியே ஒன்றை எடுத்துவிட்டார்.

"எங்க டிப்போவுல பஸ் கண்ணாடி ஒட்டறதுக்கு ஒரு கருப்புப் பசை வரும் மாப்ள. காஞ்சுதுன்னா, கடப்பாறை போட்டாலும் வராது."

பிட்டர் உருட்டுவதை நிறுத்தினான். அவ்வளவுதான். மறுநாளே பசை வந்தது. இரண்டு ரப்பரிலும் மேலும் கீழுமாக இருந்த இடைவெளிகளையெல்லாம் அந்தக் கருப்புப் பசையால் நிரப்பி, கத்தியால் வழித்துச் சமமாக்கி, அடுப்படி மேடையில் தட்டு போட்டு மூடி வைத்தான். காய இரண்டு நாள். மழை ஈரத்துக்கு இன்னொரு நாள்.

அந்த மூன்று நாளும் ஊசியக்கா ஐஸ் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஆறரைக்கு வருவாள் என்று சாப்பிடாமல் காத்திருந்த சர்க்கரை நோயாளிகள் எட்டேகாலுக்குக் கதவைத் திறந்தார்கள். பசியோடு இருக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? இரண்டு வீட்டில் கேட்டாள். மூன்றாம் வீட்டில் நேராகக் கையை நீட்டச் சொன்னாள்.

நான்காம் நாள் மத்தியானம் ரப்பரை மாட்டினான். பிட்டரால் குனிய முடியாது. அதனால் நீளப் போல்ட்டு, ஒரு குழாய்த் துண்டு, சோப்புத் தண்ணீர் எல்லாம் அவள் எடுத்துக் கொடுக்க வேண்டும். டார்ச் பிடிப்பது மாமனார்.

"மாமா, வெளிச்சம் இங்க."

"அங்கதான் அடிக்கிறேன் மாப்ள."

"அது என் மூஞ்சி."

"மூஞ்சியத் தள்ளி வெச்சுக்கிட்டா ரப்பர் தெரியும்ல?"

சோப்புத் தண்ணீர் தடவி, போல்ட்டை முறுக்க முறுக்க, ரப்பர் முனகிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தது. கட்டையை உருவினார்கள். செங்கல்லை எடுத்தார்கள். வண்டியை வாசலுக்கு இறக்கி அவள் கிளப்பினாள். பிட்டர் கைத்தடியை ஊன்றி எழுந்து, அடுப்படியிலிருந்து டீ நிறைந்த ஒரு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி, சீட்டின் மேல் வைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீயில் ஒரு சின்ன வட்டம்கூட விழவில்லை.

"பாரு" என்றான்.

அவள் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை. அன்று அவனுக்கு இரண்டு முட்டை சேர்த்துப் பொரித்தாள். நடையைக் கழுவிவிட்டபின் வீடு இரண்டு மடங்கு பெரிதானதுபோல் இருந்தது.

மறுநாள் காலை வண்டி தெருவுக்குள் பூனைபோலப் போனது. சிக்னலில் அசையாமல் நின்றது. பெரிய ரோட்டில் ஏறி நாற்பதைத் தொட்டதும்தான் ஹேண்டிலில் அது தொடங்கியது. குலுக்கல் இல்லை, உதறல் இல்லை. ஒரு ரீங்காரம். பாதத்துக்கு அடியில், தொடையில், உள்ளங்கையில், ஒரே சீராக. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரிந்தது. நான்காம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கையை எடுத்தபோது, கை இன்னும் ஹேண்டிலில் இருப்பதுபோலவே இருந்தது. விரல்களில் எறும்பு ஊர்ந்தது. உதறினாள். அக்குளில் வைத்துச் சூடு பண்ணினாள். நான்கு, ஐந்து, ஆறு என்று எப்படியோ முடித்தாள். ஏழாவது கணக்கு வாத்தியார் வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். வாரம் இரண்டு முறை ரத்தம் பார்த்துத்தான் மாத்திரை அளவைச் சொல்வார்கள். தோல் வெங்காயச் சருகுபோல இருக்கும். நரம்பு கண்ணுக்குத் தெரியாது. ஊசியக்கா அதைக் கண்ணால் தேடுவதில்லை. ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தினால் ஓரிடத்தில் மட்டும் மெல்லத் திருப்பி அழுத்தும். அதுதான் இடம்.

அன்று விரல் நுனி ஒன்றும் சொல்லவில்லை. எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது. குத்துமதிப்பாகக் குத்தினாள்.

"ஒண்ணு" என்றார் வாத்தியார்.

"மன்னிச்சுக்குங்க சார். இந்தக் கைல பாக்கறேன்."

"ரெண்டு."

மூன்றாவது, புறங்கையில் கிடைத்தது. ஊசியை எடுத்ததும் ரத்தம் தோலுக்கடியில் பரவி நீலமாக வீங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் படியிறங்கி முடிப்பதற்குள் அவர் லேபுக்குப் போன் செய்துவிட்டார்.

"கை மரத்துப்போகுது" என்றாள் வீட்டில்.

"ஹேண்டில இறுக்கிப் பிடிக்கிற நீ. பயத்துல பிடிக்கிற பிடி அது. லூசாப் பிடி."

மறுநாள் லூசாகப் பிடித்தாள். மரத்தது. ஹேண்டிலில் துணி சுற்றினாள். மரத்தது. முப்பதிலேயே போனாள். மரக்கவில்லை, ஆனால் எட்டாம் வீட்டிலேயே மணி பத்தாகிவிட்டது. ஒவ்வொரு மத்தியானமும் பிட்டர் கைத்தடியோடு வாசலுக்கு வந்து, எஞ்சினைக் கிளப்பச் சொல்லி, டம்ளரை வைத்துப் பார்ப்பான். டீ அசையாது.

"செயின் இறுக்கமா இருக்கு. அதான்."

செயினைத் தளர்த்தினார்கள்.

"டயர்ல காத்து ஜாஸ்தி."

காற்றைக் குறைத்தார்கள்.

"அந்த ரோடே அப்படித்தான்."

"அஞ்சு மாசமா அதே ரோட்டுலதான் போறேன்!"

"நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், பாப்பா" என்றார் அப்பா. "ஒரு நாள்கூட என் கை மரத்ததில்ல."

"நீங்க என்ன எஞ்சின் மேலயாப்பா உக்காந்து ஓட்டினீங்க?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். பக்கத்துல, ஒரு மூடிதான் நடுவுல."

நான்காம் நாள் லேப் மேனேஜர் கூப்பிட்டார். வாத்தியார் வீட்டை வேறு பெண்ணுக்கு மாற்றியாகிவிட்டது. இன்னும் இரண்டு வீட்டிலிருந்து புகார். "உங்களுக்கு என்னன்னு தெரியல. ஒரு வாரம் உள்ள உக்காந்து குப்பிக்கு லேபிள் ஒட்டுங்க. அப்புறம் பாக்கலாம். நாளையிலேருந்தே வேணாம், திங்கக்கிழமையிலேருந்து" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். இரண்டாவது வெங்காயத்தில் கத்தி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை. எழுந்து கூடத்துக்கு வந்து, ஹெல்மெட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"வாங்க. பின்னால உக்காருங்க."

"எங்க?"

"பெரிய ரோடு. போயிட்டு வருவோம்."

"வாசல்லயே பாத்துடலாமே. டம்ளர..."

"டம்ளரா வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்குது? நான் எடுக்கிறேன். ஓடுறப்பதான் மரக்குது, நிக்கிறப்ப இல்ல. எத்தனை தரம் சொல்றது? நீங்க ஒரு தரம்கூட அந்த வண்டி ஓடிப் பாக்கல. உக்காந்த இடத்துலேருந்தே செயின்ங்கறீங்க, டயருங்கறீங்க, ரோடுங்கறீங்க. கடைசில என் கையத்தான் குத்தம் சொல்றீங்க."

"டாக்டர் இன்னும் வண்டில ஏறச் சொல்லல."

"போன மாசமே சொல்லிட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தது தப்போ என்று மறுபடி கூட்டினார். பிட்டர் பயப்படுகிறான் என்பது மூன்று பேருக்குமே தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல்தான் அந்த வீடு ஐந்து மாதம் ஓடியது.

"மழையா இருக்கு" என்றான்.

"நின்னு அரை மணியாச்சு."

அவன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தான்.

ஏறுவதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. நல்ல காலைத் தரையில் ஊன்றி, தகடு வைத்த காலைத் தூக்கிப் போட முடியவில்லை. அப்பா வந்து அந்தக் காலைப் பிடித்து, பார்சல் ஏற்றுவதுபோல ஏற்றிவைத்தார். பிட்டர் முதலில் சீட்டின் கம்பியைப் பிடித்தான். தெருமுனை திரும்பியதும் கம்பியை விட்டுவிட்டு அவள் மழைக்கோட்டை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். அவள் வளைவுகளில் மட்டும் மாடு போகிற வேகத்தில் போனாள்.

பெரிய ரோட்டில் நாற்பது வந்தது. நாற்பத்தைந்து. அவன் பிடி இறுகியது. அந்த வேகத்திலேயே கொஞ்ச தூரம் போயிருப்பாள்.

"நிறுத்து" என்றான். "நிறுத்து, நிறுத்து!"

மூடியிருந்த ஒரு கடை வாசலில் நிறுத்தினாள். அவன் இறங்கி, ஷட்டரில் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு? கால் வலிக்குதா? வலிச்சா முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"வலிக்கல." மூச்சு விட்டான். "தகடு பாடுது."

"என்னது?"

"உள்ள இருக்கிற தகடு. தந்திக் கம்பி மாதிரி அதிருது. ஏழு திருகாணியும் எங்கெங்க இருக்குன்னு எண்ணிச் சொல்லிடுவேன்." அவன் தன் கைகளை விரித்துப் பார்த்தான். "எத்தனை நாளா இப்படி?"

"மாட்டின நாள்லேருந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "தினமும் சொன்னேனே! காலைல சொன்னேன், மத்தியானம் சொன்னேன், சோறு போடறப்ப சொன்னேன்! எழுதிக் குடுக்காததுதான் பாக்கி!"

அவன் குனிய முடியாமல் குனிந்து, முன்பக்க ரப்பர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இடைவெளிய அடைச்சுட்டேன்" என்றான். "விழுங்கறதுக்கு இடமே இல்ல. நிக்கிறப்ப ஆடாது. ஓடுறப்ப அப்படியே தூக்கி வண்டிக்குக் குடுத்துடும். இது தெரியாம... பம்பு அடியில ரப்பர் போடறதுதானே என் வேலையே. பதினாறு வருஷமா."

திரும்பி வரும்போது முப்பதில் வந்தாள்.

மறுநாள் மத்தியானம் மறுபடி நடையில் செங்கல், கட்டை, டார்ச். ஆனால் இந்தத் தடவை யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. அப்பா மட்டும், தேவையில்லாமல், "நான் சொன்னது கண்ணாடி ஒட்டறதுக்கு" என்றார். உண்மையிலேயே அந்தப் பசை கடப்பாறைக்கும் அசையாதுபோல இருந்தது. பிளேடு, மெல்லிய அரம், சூடு பண்ணிய கம்பி என்று மாற்றி மாற்றிச் சுரண்டினான். பின்பக்க ரப்பரை முழுசாகச் சுத்தம் செய்தான். முன்பக்கத்தில் பசையை அப்படியே விட்டான். மாட்டினார்கள். ஏறினான். போனார்கள்.

"இப்ப?"

"இடது கைல கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

"அளவு சொல்லு."

"சுண்டு விரலும் மோதிர விரலும். போதுமா?"

போதவில்லை. திரும்பி வந்து முன்பக்கத்தைக் கழற்றி, மேல் இடைவெளியில் இருந்த பசையை எடுத்தான். மாட்டினார்கள். போனார்கள். இப்போது சுண்டு விரல் மட்டும். மறுபடி கழற்றினான். கீழ் இடைவெளியில் மட்டும், எஞ்சின் இழுக்கிற பக்கத்தில், விரல் தடிமனுக்கு ஒரு பசைத் துண்டை விட்டு மற்றதைச் செதுக்கினான். சாயங்காலத்துக்குள் அந்த வண்டியில் அவன் மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தான். மூன்றாம் தடவை அப்பா காலைப் பிடிக்க வந்தபோது, "விடுங்க மாமா, நானே போட்டுக்கறேன்" என்றான்.

சிக்னலில் நின்றபோது வண்டி லேசாக நடுங்கியது. பழைய 'டங்' இல்லை, ஆனாலும் நடுங்கியது.

"இது இருக்கும்" என்றான் பின்னாலிருந்து. "இதையும் எடுக்கணும்னா கை மரக்கறது திரும்ப வந்துடும். ரெண்டும் நடக்காது."

"நிக்கிறப்ப நடுங்கட்டும். அப்ப நான் யார் கையையும் பிடிக்கல."

நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. ரோடு முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பினாள். திரும்பி வருகிற வழியில், பாதி தூரம் வந்தபிறகுதான், கையைப் பற்றித் தான் நினைக்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மேனேஜர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"வாத்தியார் வீட்டுக்கு நேத்து அனுப்பின பொண்ண அஞ்சாவது குத்துல வெளிய போகச் சொல்லிட்டாராம். அவருக்கு இன்னிக்கு ரிசல்ட் போயே ஆகணும், மாத்திரை அளவு தெரியாம நிக்கிறாரு. நீங்களே போய்ப் பாருங்க. ஆனா கதவத் திறப்பாரான்னு என்னால சொல்ல முடியாது."

அவள் ஐஸ் பெட்டியை எடுத்தபோது பிட்டர் ஏற்கெனவே சட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க எங்க?"

"நானும் வரேன். அவர்கிட்ட சொல்லணும்ல."

"என்னன்னு சொல்வீங்க?"

"நடந்தத."

"ஒண்ணும் வேணாம். நானே பாத்துக்கறேன். மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல."

"மாடிதானே?"

அவனோடு வாதாட நேரம் இல்லை. கட்டடத்துக்குக் கீழே அவனை விட்டுவிட்டு அவள் மேலே ஏறினாள். முதல் மாடியில் திரும்பிப் பார்த்தபோது அவன் நான்கு படி ஏறியிருந்தான். கைத்தடியின் சத்தம் சுவரில் எதிரொலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மேலே போனாள்.

வாத்தியார் கதவைச் சங்கிலி போட்டபடி ஒரு சாண் திறந்தார்.

"நீயா?"

"சார், இன்னிக்கு ஒரு தரம் பாக்கறேன் சார்."

அவர் கதவிடுக்கில் தன் புறங்கையைக் காட்டினார். பழைய நீலம் பச்சையாகி, அதற்குப் பக்கத்தில் புது நீலம் வந்திருந்தது. "உன்னோடது மூணு. அந்தப் பொண்ணோடது அஞ்சு. எட்டு ஓட்டை போட்டிருக்கீங்க. என்னை என்ன சல்லடைன்னு நினைச்சீங்களா?"

"தெரியும் சார். அன்னிக்கு என் கை..."

"கைல நடுக்கம் இருந்தா டாக்டரப் பாரும்மா. என் கைல பழகாத."

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எரிச்சல் ஜெயித்தது. அப்போது கைத்தடிச் சத்தம் மாடி வளைவுக்கு வந்தது. பிட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வேர்வை வழிய, கடைசிப் படியில் ஏறினான். மூச்சு வாங்கியதில் முதலில் பேச்சே வரவில்லை.

"சார்... தப்பு அவங்க மேல இல்ல சார். ரப்பர் மேல."

"யாருய்யா நீ?"

"வீட்டுக்காரர் சார். இவங்க வீட்டுக்காரர்."

"ரப்பரா? என்ன ரப்பர்?"

"எஞ்சின் ரப்பர் சார். வண்டில எஞ்சினப் பிடிச்சிருக்கும்ல, அது. பழசு கிழிஞ்சுபோச்சு. புதுசு மாட்டினேன். புதுசுல பாத்தீங்கன்னா நடுவுல ஒரு இடைவெளி இருக்கும் சார், பிறை மாதிரி..."

"என்னங்க, போதும்" என்றாள் அவள் மெதுவாக.

"இரு, சாருக்குப் புரியணும்ல. அந்த இடைவெளிதான் சார் ஆட்டத்த விழுங்கறது."

வாத்தியார் சங்கிலியை எடுத்தார். உள்ளே விடுவதற்கு அல்ல, இந்த ஆள் விழுந்து வைப்பானோ என்று பயந்துதான். கூடத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். பிட்டர் உட்காரவில்லை.

"விழுங்கற இடைவெளிதானே? அப்ப நல்லதுதானே? என்ன ஆச்சு அதுக்கு?" என்றார் வாத்தியார், கேட்டிருக்க வேண்டாம் என்பது கேட்ட மறுகணமே முகத்தில் தெரிய.

"அடைச்சிட்டேன் சார். நான்தான். கண்ணாடி ஒட்டற பசையப் போட்டு. கெட்டியா இருக்கட்டும்னு. அந்த அதிர்வுல இவங்க கை மரத்துப்போச்சு. வந்து சொன்னாங்க. நான் கேக்கல. உன் பிடி சரியில்லன்னு சொல்லிட்டேன். டயருன்னேன், செயினுன்னேன். நாலு நாள். அந்த மரத்த கையோடதான் உங்களுக்குக் குத்தினாங்க. இவங்க கை மாதிரி கை கிடையாது சார்."

ஊசியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையுறை போடுவதற்குத்தான் என்பதுபோல் கையுறையைப் போட்டாள். அது உடனே போய் உட்காரவில்லை. மறுபடி கழற்றிப் போட்டாள்.

"சரிப்பா, புரிஞ்சுது" என்றார் வாத்தியார்.

"இல்ல சார், முழுசாக் கேளுங்க. இப்ப சரி பண்ணிட்டேன். முன்பக்க ரப்பர்ல மேல இருந்தத எடுத்தேன். கீழ இருக்கிறத முழுசா எடுக்கக் கூடாது. எடுத்தா கியர் போடறப்ப இழுக்கும். அதனால விரல் தடிமனுக்கு..."

"எனக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னேன்."

"மூணு தரம் மாத்திப் பாத்தேன் சார். முதல் தரம் ரெண்டு விரல்ல இருந்துச்சு. இரண்டாவது தரம்..."

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினார்.

"அம்மா, தாயே, நீ எடும்மா முதல்ல. எடுத்துக்கிட்டு இவரக் கூட்டிக்கிட்டுப் போ."

அவள் முன்னால் மண்டியிட்டாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரல் நுனியை வைத்து அழுத்தினாள். தலைக்கு மேலே அவள் கணவன், எஞ்சின் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் தள்ளும் என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டிருந்தான். அவள் விரல் கொஞ்சம் கீழே நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். அங்கே, தோலுக்கு அடியில், அது திருப்பி அழுத்தியது.

ஊசி போனது. குப்பியில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. அவள் பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். வாத்தியார் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிஞ்சிடுச்சு, வாங்க" என்றாள் அவள்.

பிட்டர் பேச்சை நிறுத்தினான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்படி முடிஞ்சுது? பின்பக்க ரப்பருக்கு நான் இன்னும் வரவே இல்லையே!"